"கம்ப்யூட்டரில் ஒன்றும் காட்டவில்லை" என்கிறார்களா?
வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாரண்டி பற்றியவை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், அதைச் சுற்றியுள்ள தோட்டங்கள் என்று எங்கிருந்து எழுதினாலும் குறை ஒன்றுதான்: லீவு போட்டு ஈப்போ வரை காரைக் கொண்டுபோனால் "நார்மல்தான்" என்று சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கடைகளின் பெயர்களையும் கார்களின் பெயர்களையும் நீக்கிவிட்டு, சிக்கலை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

வணக்கம் ஐயா. புதிதாக எடுத்த சி.வி.டி. (பெல்ட்டும் புல்லியும் வைத்த ஆட்டோ) கியர் காருக்கு இரண்டு வருஷம் ஆகிறது, 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. லேசாக மிதித்துப் போகும்போது 40-க்கும் 60-க்கும் இடையில் கார் உதறுகிறது. மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் இன்னும் மோசம். சர்விஸ் சென்டரில் பல முறை விட்டுப் பார்த்துவிட்டேன். "கம்ப்யூட்டரில் ஒன்றும் காட்டவில்லை, ரீசெட் பண்ணிவிட்டோம்" என்கிறார்கள். வாரண்டி முடியும்வரை இழுத்தடிக்கப் பார்க்கிறார்களா?
– தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

இழுத்தடிப்பு என்று உடனே முடிவு கட்டவேண்டாம். வாரண்டி வேலைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். சர்விஸ் சென்டர் அந்தக் கூலியையும் சாமான் விலையையும் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கவேண்டும். தயாரிப்பாளர் ஆதாரம் கேட்பார்: பிழைக் குறியீடு, அளந்த எண்கள், படம், கழற்றிய பழைய சாமான். ஆதாரம் போதாவிட்டால் கோரிக்கை தள்ளுபடியாகி, செலவு சர்விஸ் சென்டர் தலையில் விழும். கவுண்டரில் நிற்கும் அட்வைசருக்கு முடிவெடுக்கும் அதிகாரமும் கிடையாது. அவரிடம் சத்தம் போட்டால் மனம் ஆறலாம், கார் ஆறாது. அவர் மேலே அனுப்புவதற்கு ஏற்ற ஆதாரத்தை உண்டாக்கிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

"குறியீடு இல்லை" என்றால் "குறை இல்லை" என்று பொருளாகாது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு அளவுக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டி, குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் குறியீடு பதிவாகும். ஒரு நொடி உதறி நின்றுவிடும் குறை அதன் கண்ணில் படாமலே போகலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டார்க் கன்வெர்ட்டருக்குள் (எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் லாக்-அப் கிளட்ச். இங்கே ஓடும் பெரும்பாலான சி.வி.டி. கார்களில் டார்க் கன்வெர்ட்டர் உண்டு. குறைந்த வேகத்திலேயே இந்தக் கிளட்ச் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டிவிடும், பெட்ரோல் மிச்சமாவதற்காக. எண்ணெய் கெட்டிருந்தாலோ, கிளட்ச் பட்டை தேய்ந்திருந்தாலோ, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு (மின்சார வால்வு) மந்தமாகியிருந்தாலோ, பூட்டும் நேரத்தில் பிடித்து விட்டு, பிடித்து விட்டு உதறும். ஏற்றத்தில் சுமை கூடுவதால் உதறலும் கூடும்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வண்டி நடமாட்டம் இல்லாத சமமான சாலையில், கார் உதறுகிற அதே வேகத்தில் மிதியை அசையாமல் வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். லாக்-அப் விடுபடும், ஆர்.பி.எம். சற்று ஏறும். அந்தக் கணத்தில் உதறல் நின்றால் சந்தேகம் லாக்-அப் பக்கம். நிற்காவிட்டால் வேறு பக்கம் தேடவேண்டும். கார் நிற்கும்போது 'டி'-யில் பிரேக் பிடித்திருக்கையில் அதிர்ந்து, 'என்'-க்குத் தள்ளினால் அடங்குகிறதா? எஞ்சின் மவுண்டிங்கைப் பார்க்கவேண்டும். பலமாக மிதிக்கும்போதுதான் இடறுகிறதா, செக் எஞ்சின் விளக்கு மினுக்குகிறதா? பிளக்கும் இக்னிஷன் காயிலும். மிதித்தாலும் விட்டாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்ந்துகொண்டே இருந்தால் டயர் அல்லது ரிம்.

அடுத்து ஜாப் ஷீட், அதாவது உங்கள் குறையையும் செய்த வேலையையும் சர்விஸ் சென்டர் எழுதும் தாள். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். "கியர் சரியில்லை" என்று சொன்னால் அட்வைசரும் அதையே எழுதுவார். போமேன் (மெக்கானிக்) கடையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு "ஓகே" என்று எழுதிவிடுவார். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "20 நிமிடம் ஓடி எஞ்சின் சூடான பிறகு, ஏர்கண்ட் போட்டிருக்கும்போது, லேசான மிதியில், 40–60 கி.மீ. வேகத்தில், ஏற்றத்தில் உதறுகிறது. கூட்டுச் சோதனை ஓட்டம் கேட்கப்பட்டது." கூட்டுச் சோதனை என்றால் போமேன் உங்கள் பக்கத்தில் உட்கார, நீங்கள் ஓட்டிக் காட்டுவது. ஈப்போ நகருக்குள் சமதரையில் சுற்றினால் இந்தக் குறை வெளிவராது. ஏற்றம் உள்ள பாதைதான் வேண்டும் என்று கேளுங்கள். காலையில் குளிர்ந்த காரை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். குறை சூட்டில் வருவது. சூடான காராகவே கொண்டுபோங்கள்.

ஓட்டத்தின்போது ஸ்கேனரை மாட்டி இரண்டு எண்களைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள்: எஞ்சின் ஆர்.பி.எம்., கியர்பாக்ஸின் உள்வரும் தண்டின் ஆர்.பி.எம். லாக்-அப் முழுதாகப் பூட்டியபின் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். உதறும் நேரத்தில் அந்த இடைவெளி குதித்துக் குதித்து மாறினால், தயாரிப்பாளர் எதிர்பார்க்கும் ஆதாரம் அதுதான்.

ரீசெட் விஷயத்தில் கவனம் தேவை. ரீசெட் செய்தால் பதிவான குறியீடும் அழியும், குறை வந்த நேரத்து வேகம், சூடு, சுமை என்று கம்ப்யூட்டர் படம்பிடித்து வைத்த அளவுகளும் அழியும். கியர்பாக்ஸ் தானாகக் கற்றுவைத்த திருத்த அளவுகளையும் அழித்துவிட்டால் கார் சில நாளைக்கு நன்றாக ஓடிப் பிறகு பழையபடி உதறலாம். "ரீசெட்டுக்கு முன் ஸ்கேன் பிரதி கொடுங்கள்" என்று ஜாப் ஷீட்டிலேயே எழுதிவிடுங்கள். கியர் எண்ணெய் மாற்றினார்களா, எந்த எண்ணெய், மென்பொருள் புதுப்பித்தார்களா என்பவையும் காகிதத்தில் வரவேண்டும். சி.வி.டி.க்குச் சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் வீணாகும். அளவையும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட சூட்டில்தான் பார்க்கவேண்டும்.

கார் திரும்ப வரும்போது "வேலை திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். தீரவில்லை என்றால், "உதறல் தீரவில்லை" என்று கைப்பட எழுதி அதன்கீழ் கையெழுத்துப் போடுங்கள். தேதியும் கி.மீ.யும் இருக்கவேண்டும். "குறை காணப்படவில்லை" என்று அவர்கள் எழுதினாலும் அந்தக் காகிதத்தை வாங்கிவையுங்கள். வாரண்டிக் காலத்துக்குள் நீங்கள் முறையிட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி. நாளைக்கு வாரண்டி முடிந்தாலும், அந்தக் காலத்துக்குள் எழுதிவைத்த குறையைப் பிடித்து வாதாடலாம். காகிதம் இல்லாத முறையீட்டை நீங்கள் செய்யவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் தயாரிப்பாளரின் தலைமையக வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேசிஸ் எண், பதிவு எண், முதல் பதிவுத் தேதி, இன்றைய கி.மீ., எல்லா ஜாப் ஷீட்டின் படங்கள், ஒரு நிமிடத்துக்குக் குறைவான வீடியோ. கோரிக்கையும் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: "உங்கள் தொழில்நுட்பப் பொறியாளர் நேரில் பார்க்கவேண்டும், 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்." காரை விற்ற கடைக்கு ஒரு நகல். இதில் திட்டும் சாபமும் எழுதினால் படிப்பவர் அதைப் பிடித்துக்கொள்வார், சேசிஸ் எண்ணை விட்டுவிடுவார்.

புதுக் கார்தான். மழை பெய்தால் பின்பக்கச் சாமான் அறையில் (பூட்), ஸ்பேர் டயர் பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது. சர்விஸ் சென்டரில் சிலிக்கன் பூசிக் கொடுத்தார்கள். அடுத்த மழையில் மறுபடியும் தண்ணீர்.
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

சிலிக்கனை வெளியே பூசியதுதான் தவறு. தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறொன்று. நுழையும் வாய் பெரும்பாலும் பின்விளக்கின் ரப்பர் கேஸ்கெட், பம்பருக்குப் பின்னால் உள்ள காற்றுப்போக்கி, பூட் கதவின் ரப்பர், கூரை ஏரியலின் அடி, மூன்றாவது பிரேக் விளக்கு ஆகியவற்றில் ஒன்றாகவோ, தகடுகள் சேரும் இடத்தில் பூசும் சீலண்ட் விட்டுப்போன இடமாகவோ இருக்கும்.

ஸ்பேர் டயரையும் கம்பளத்தையும் எடுத்துவிட்டு உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். பின்சீட்டை மடக்கி ஒருவர் டார்ச் லைட்டோடு உள்ளே இருக்கட்டும். இன்னொருவர் வெளியே சாதாரணத் தோட்டக் குழாயால், அழுத்தம் இல்லாமல், கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து நிமிடம் தண்ணீர் விடவேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, எந்த வாய் என்றே தெரியாமல் போகும். கார் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம். அது நல்ல ரப்பருக்குள்ளும் தண்ணீரைத் தள்ளிவிடும். உள்ளே சந்தேகப்பட்ட இடங்களில் பவுடர் தூவி வைத்தால் ஒரு சொட்டு வந்தாலும் கோடு தெரியும். கதவு ரப்பருக்கு ஒரு தாள் போதும்: இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுத்தவில்லை.

தண்ணீர் வரும் இடத்தை வீடியோ எடுத்து, "இடது பின்விளக்கின் கேஸ்கெட் வழியாக" என்பது போல இடத்தைக் குறித்தே ஜாப் ஷீட் எழுதச் சொல்லுங்கள். விளக்கைக் கழற்றிக் கேஸ்கெட்டை மாற்றவேண்டும், அல்லது தகட்டின் உள்பக்கத்திலிருந்து சீலண்ட் போடவேண்டும். முடிந்ததும் உங்கள் கண்முன் குழாய்ச் சோதனை. அதோடு நிற்காமல், பள்ளத்தில் துரு ஏறியிருக்கிறதா, அங்கே போகும் ஒயர்களின் கனெக்டர் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்த்து எழுதி வாங்குங்கள். துருவுக்குப் பல நிறுவனங்கள் தனி வாரண்டி வைத்திருக்கின்றன. இன்றைக்கு எழுதாவிட்டால் பிற்பாடு "நீங்கள் ஈரமாக வைத்திருந்தீர்கள்" என்பார்கள்.

நானும் வீட்டுக்காரியும் மட்டும்தான். காடி கோயிலுக்கும் கிளினிக்குக்கும் பாசாருக்கும்தான் போகும். இரண்டரை வருஷத்தில் 9,000 கி.மீ.கூட ஓடவில்லை. ஏர்கண்ட் கம்ப்ரஸர் போய்விட்டது. "சர்விஸ் தவறிவிட்டது, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். 10,000 ஆகாமல் எதற்கு ஐயா சர்விஸ்?
– ஓய்வுபெற்ற மண்டோர்

சர்விஸ் அட்டையில் கி.மீ. பக்கத்தில் மாதமும் இருக்கும். 1,000 கி.மீ. அல்லது 1 மாதம், பிறகு 10,000 கி.மீ. அல்லது 6 மாதம் என்பது போல. எது முந்துகிறதோ அது கணக்கு. குறைவாக ஓட்டும் பெரியவர்கள் கி.மீ.யை மட்டும் பார்த்து இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த விதியிலும் அர்த்தம் இருக்கிறது. இரண்டு மூன்று கி.மீ. போய் நிறுத்தினால் எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை, உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும்.

ஆனால் இது எஞ்சினுக்குப் பொருந்தும் காரணம். எஞ்சின் எண்ணெயை நேரத்துக்கு மாற்றாததற்கும் ஏர்கண்ட் கம்ப்ரஸருக்கும் தொடர்பில்லை; கம்ப்ரஸருக்குள் இருப்பது வேறு எண்ணெய். ஆகவே வாயால் சொன்ன மறுப்போடு திரும்பி வராதீர்கள். "வாரண்டிப் புத்தகத்தில் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள், சர்விஸ் தவறியது இந்தச் சாமான் கெடுவதற்கு எப்படிக் காரணம்" என்று இரண்டு கேள்வியை எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் எழுத உட்காரும்போது பலர் இறங்கி வருவார்கள்.

கூடவே 'குட்வில்' கேளுங்கள். வாரண்டிக்கு வெளியே போய்விட்ட காருக்கும் தயாரிப்பாளர் சாமான் விலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. கேட்காதவருக்குக் கிடைக்காது. இரண்டையும் மறுத்தாலும் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாரண்டிப் புத்தகம் நிறுவனம் தானாகக் கொடுத்த வாக்கு. சட்டம் அதற்கும் மேலாக, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்று 32-ஆவது பிரிவில் சொல்கிறது. விலை, பொருளின் தன்மை எல்லாவற்றையும் பார்த்து, 9,000 கி.மீ.யில் கம்ப்ரஸர் போவது ஏற்கத்தக்கதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்கவும் முடியாது.

செம்பனைக்குப் பக்கத்தில் வீடு. எஞ்சின் ஒயரை எலி கடித்துவிட்டது என்று வாரண்டியை மறுத்து, முழு ஒயரிங்கையும் மாற்றவேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், தோட்டக் குடியிருப்பு

எலி கடித்தது உண்மையானால் வாரண்டி கிடைக்காது. அது வெளிச்சேதம். அதில் சண்டைக்குப் போவது வீண். எலியா என்பதை மட்டும் உறுதிப்படுத்துங்கள்: பல் தடம், புழுக்கை, கூடு கட்டிய குப்பை ஆகியவற்றின் படம் கேளுங்கள். பல் தடம் இல்லாமல் ஒயர் உருகியோ உரசியோ போயிருந்தால் அது பொருத்திய விதத்தின் குறையாக இருக்கலாம். அப்போது வாரண்டியைக் கேளுங்கள்.

முழு ஒயரிங் என்பதையும் அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று ஒயர் மட்டும் கடிபட்டிருந்தால் நல்ல ஒயரிங் போமேன் ஈயம் வைத்து இணைத்து, சுருங்கும் குழாய் போட்டு முடித்துவிடுவார். முறுக்கிய ஜோடி ஒயராக இருந்தால் (கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் ஒயர் அது) இணைத்தபின்னும் அந்த முறுக்கு இருக்கவேண்டும். மஞ்சள் உறை போட்ட காற்றுப்பை (ஏர்பேக்) ஒயரை மட்டும் ஒட்டுப்போட விடாதீர்கள். அதைப் புதிதாகத்தான் மாற்றவேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் எலிச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள், பாலிசிக்குப் பாலிசி மாறும்.

தோட்டத்தில் எலி பிடிக்கக் கூகை வளர்க்கிறார்கள், ஆனால் அது உங்கள் போனட்டுக்குள் வராது. ராத்திரி போனட்டைத் திறந்து வைப்பது நல்ல பலன் தரும், எலிக்கு இருட்டும் மறைவும்தான் வேண்டும். காருக்குப் பக்கத்தில் நாய், பூனைச் சோறு வைக்காதீர்கள். ஏர்கண்ட் காற்று இழுக்கும் வாயில் சிறு கம்பிவலை அடியுங்கள். ஒயர் மேல் சுற்ற மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பும் விற்கிறது.

விபத்தில்லை, ஒன்றுமில்லை. ஸ்டியரிங் மோட்டார் கெட்டு, சாமான் வரவேண்டும் என்று கார் நான்கு மாதமாகச் சர்விஸ் சென்டரில் கிடக்கிறது. வங்கிக்கு மாதம் 720 வெள்ளி கட்டுகிறேன். கட்டாமல் நிறுத்தினால் அவர்களுக்கு உறைக்குமா?
– தொழிற்சாலை ஊழியர், சுங்கை சிப்புட்

உறைக்காது. விற்ற கடைக்கு வங்கி முன்பே முழுப் பணமும் கொடுத்துவிட்டது. நீங்கள் நிறுத்தினால் அடி உங்களுக்குத்தான்: தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வாடகைக் கொள்முதல் சட்டப்படி வங்கி 21 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காரை இழுக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். கடன் பதிவிலும் கறை விழும். தவணையைக் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

பயனீட்டாளர் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, பழுதுபார்ப்பும் உதிரிச் சாமானும் நியாயமான அளவில் கிடைக்கவேண்டும் என்கிறது. விற்றவர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது பொருளை நிராகரிக்கலாம். முதலில் சாமானுக்கு ஆர்டர் போட்ட தேதி, ஆர்டர் எண், எதிர்பார்க்கும் வருகைத் தேதி ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஆர்டரே போடாமல் "வரும், வரும்" என்று சொல்லும் இடங்களும் உண்டு. பிறகு மாற்று வண்டி கேளுங்கள். மறுத்தால் கிராப், டாக்ஸி, வாடகை வண்டிக்கான ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள், பிற்பாடு இழப்பீட்டில் கேட்கலாம். கிடக்கிற காருக்குச் சாலை வரியும் இன்சூரன்ஸும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் கணக்கில் எழுதுங்கள். பேட்டரியை அவ்வப்போது சார்ஜ் போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டியரிங் வரும் நாளில் பேட்டரிக்குப் பில் வரும்.

ட்ரிபியூனலுக்குப் போகலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். வக்கீல் வைக்க வசதியில்லை. கார் விலை 60,000 வெள்ளிக்கு மேல். எடுத்துக்கொள்வார்களா?
– வாசகி, சுங்கை சிப்புட்

வக்கீல் தேவையில்லை, பொதுவாக அங்கே இரு தரப்பும் வக்கீல் இல்லாமல்தான் பேசவேண்டும். அண்ணன் சொல்வது பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம்; டி.டி.பி.எம். (அதன் மலாய்ப் பெயரின் சுருக்கம்) என்று கேட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சு அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். இணையத்திலும் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட். பிரச்சினை எழுந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் பதிவுசெய்யவேண்டும்.

2019 முதல் உச்சவரம்பு 50,000 ரிங்கிட். கார் விலை எவ்வளவு என்பதைவிட நீங்கள் கேட்கும் தொகை எவ்வளவு என்பதுதான் கணக்கு. வெளியே பழுதுபார்த்த செலவு, மதிப்புக் குறைவு, வாடகை வண்டிச் செலவு என்று கேட்டால் வரம்புக்குள் அடங்கிவிடும். முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பதானால் 50,000-க்கு மேற்பட்டதை விட்டுக்கொடுக்கவேண்டும். ஒரே கோரிக்கையை இரண்டாகப் பிரித்துப் போட இடமில்லை. காரை நிராகரிப்பதானால் தாமதிக்காமல், காரணத்தோடு எழுத்தில் சொல்லவேண்டும். நிராகரித்துவிட்டேன் என்று கடிதம் கொடுத்துவிட்டு அதே காரில் பினாங்குக்குப் போய் வந்தால் வழக்கு நிற்காது.

படிவம் 1-இல் எதிர்த்தரப்பின் பெயர் சரியாக இருக்கவேண்டும். பலகையில் காரின் பிராண்ட் பெயர் இருக்கும். உண்மையில் விற்றது வேறொரு செண்டிரியான் பெர்ஹாட்டாக (தனியார் கம்பெனி) இருக்கும். விற்பனை இன்வாய்ஸில் உள்ள கம்பெனிப் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் விற்றவர், தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள். இல்லாவிட்டால் விசாரணை நாளில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் படிவம் 2-இல் பதில் கொடுக்கவேண்டும்.

விசாரணை நாளில் மூலப் பத்திரங்களும் மூன்று செட் நகலும் கொண்டுபோங்கள். தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிய சுருக்கம்: எந்த நாள், எத்தனை கி.மீ., என்ன சொன்னோம், என்ன செய்தார்கள். சர்விஸ் சென்டரோடு சம்பந்தமில்லாத ஒரு பட்டறையின் அறிக்கை இருந்தால் பலம். அதில் "கெட்டுப்போயிருக்கிறது" என்று மட்டும் இருந்தால் பயன் குறைவு. எதை அளந்தார்கள், எண் என்ன, எவ்வளவு இருந்திருக்கவேண்டும் என்று இருக்கவேண்டும். முதலில் சமரசம் பேசச் சொல்வார்கள். ஒத்துக்கொண்டால் நாள், சாமான், மறுபடி கெட்டால் என்ன என்பது வரை எழுதி வாங்குங்கள்; "சரிசெய்து தருகிறோம்" என்ற ஒற்றை வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு.

நான்கு சக்கர பிக்கப்பில் செம்பனைக் குலை ஏற்றுகிறேன். பின் ஸ்பிரிங் பட்டை உடைந்ததற்கு வாரண்டி இல்லை என்கிறார்கள்.
– சிறுதோட்டக்காரர்

வாரண்டிப் புத்தகத்தில் வணிகப் பயன்பாடு, சுமை வரம்பு என்ற இரண்டு பகுதியைப் படியுங்கள். தராசுச் சீட்டில் சுமை வரம்பைத் தாண்டியிருந்தால் பேச ஒன்றுமில்லை. தாண்டவில்லை என்றால் அந்தச் சீட்டுகளே உங்கள் ஆதாரம். முறிந்த பட்டையைத் தூக்கி எறியாதீர்கள். முறிவின் முகத்தில் பழைய துரு ஏறியிருந்தால் விரிசல் முன்பே இருந்தது என்று பொருள். பளபளவென்று முழுதும் புதிதாக இருந்தால் ஒரே அடியில் முறிந்தது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன், 2010-ஆம் ஆண்டு மாடல். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. காற்றுப்பை மாற்றவேண்டும் என்று ஒருவர் சொன்னார். செலவு எவ்வளவு ஆகும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

டகாட்டா என்ற நிறுவனம் செய்த காற்றுப்பைகளைத் தயாரிப்பாளர்கள் திரும்பப்பெற்று மாற்றித் தரும் ஏற்பாட்டில் (ரீகால்) உங்கள் கார் சேர்ந்திருந்தால் செலவே இல்லை. அது வாரண்டியோடு சம்பந்தப்பட்டதல்ல. வாரண்டி முடிந்தாலும், நீங்கள் எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும் இலவசம். அந்தப் பையை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் நீண்டகால வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறவைக்கிறது. நம் ஊர் தட்பவெப்பம் அதற்கு மிக மோசம். மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. ரீகால் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கும். கார் கிராண்டில் (பதிவுப் பத்திரத்தில்) உள்ள சேசிஸ் எண்ணை எடுத்துத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்திலோ சர்விஸ் சென்டரிலோ இன்றே கேட்டுப் பாருங்கள். பட்டியலில் இருந்தால், மாற்றும்வரை அந்தக் காரை எடுக்காதீர்கள்.